பழைய பேட்டரி கார்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், ரிசார்ட்டிலும் ஆஸ்பத்திரி வளாகத்திலும் ஓடும் பேட்டரி கார்களைப் பற்றி ஒரு பதிலின் நடுவே நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கேரள எல்லையான கோட்டைவாசலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவை. ரப்பர் தோட்டத்துக்குள் ஹோம்ஸ்டே நடத்தும் நம் ஆட்கள், ரிசார்ட்டுகள் கழித்துவிட்ட கோல்ஃப் வண்டிகளை வாங்கி வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்று கேட்கிறார்கள். செங்கோட்டையில் என் பேட்டரிக் கடை வாசலுக்கும் அப்படிப்பட்ட வண்டிகள் மினி லாரியில் வந்து இறங்குகின்றன. எனக்கு இந்த வண்டிகள் மேல் தனிப் பிரியம் உண்டு. சரியாகக் கவனித்தால் இருபது, இருபத்தைந்து வருஷம் உழைக்கிற சாமான் இது. ஆகவே இந்த இதழ் முழுக்க இதற்கே.

அண்ணாச்சி, ரப்பர் தோட்டத்துக்குள் ஹோம்ஸ்டே வைத்திருக்கிறேன். மூடிப்போன ரிசார்ட் ஒன்றிலிருந்து நாலு பேர் உட்காரும் பழைய 'கிளப் கார்' கம்பெனி வண்டியை வாங்கினேன். சீட்டுக்கு அடியில் 8 வோல்ட் பேட்டரி ஆறு இருக்கிறது. சமதளத்தில் நன்றாக ஓடுகிறது. கேட்டிலிருந்து வீட்டுக்கு ஏறும் சரிவில் பாதியிலேயே திணறி நின்றுவிடுகிறது. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு லித்தியம் மாற்று என்கிறார்கள். மாற்றட்டுமா?
*– ஆரியங்காவு வாசகர்*

மாற்றலாம். ஆனால் இப்போதே வேண்டாம். இன்று தேவைப்படுவது ஒரு மல்டிமீட்டரும், வண்டியில் பக்கத்தில் உட்கார ஒரு ஆளும்தான்.

ராத்திரி சார்ஜ் போட்டு, முடிந்ததும் சார்ஜரைக் கழற்றிவிட்டுச் சில மணி நேரம் வண்டியைத் தொடாமல் விடுங்கள். அப்புறம் அளக்கவேண்டும். ஈய பேட்டரியில் நிறைந்த செல் ஒன்று 2.12 வோல்ட் காட்டும். 8 வோல்ட் பேட்டரிக்குள் நாலு செல். ஆக ஒவ்வொன்றும் 8.4க்கும் 8.5க்கும் நடுவில் நிற்கவேண்டும், ஆறும் சேர்ந்து 50.9 வரவேண்டும். '48 வோல்ட் வண்டிதானே, 48 காட்டுது, சரியாத்தான் இருக்கு' என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். 48 காட்டினால் சார்ஜ் பாதிக்கும் கீழே போய்விட்டது என்று அர்த்தம்.

ஆனால் சும்மா நிற்கும்போது அளப்பதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். செத்துக்கொண்டிருக்கும் பேட்டரிகூட ஓய்வில் 8.4 காட்டும். மீட்டர் முனைகளை முதலைக் கிளிப் போட்டு ஒரு பேட்டரியில் மாட்டுங்கள். பக்கத்து ஆள் மீட்டரைப் பார்க்கட்டும், நீங்கள் அதே சரிவில் ஏற்றுங்கள். ஒவ்வொரு பேட்டரிக்கும் இதே போல. நல்ல பேட்டரி ஏற்றத்தில் ஏழரை வோல்ட் பக்கம் இறங்கி அங்கேயே நிற்கும். கெட்டது ஆறு, ஐந்து என்று சரிந்துகொண்டே போகும். மொத்த வோல்ட் இறங்கியதும், மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடும் கண்ட்ரோலர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கரண்டைக் குறைக்கிறது. நீங்கள் சொல்லும் திணறல் பெரும்பாலும் அதுதான்.

ஒன்றே ஒன்றுதான் கெட்டிருக்கிறது என்று தெரிந்தால், அதற்குப் புதிது ஒன்றை வாங்கிச் செருகாதீர்கள். கிழட்டு மாட்டோடு இளங்கன்றைப் பூட்டுகிற கதையாகிவிடும். பழைய ஐந்தும் சேர்ந்து புதிதையும் சீக்கிரம் தேய்த்துவிடும். அதே வயதுள்ள, சோதித்துப் பார்த்த பழைய பேட்டரி கிடைத்தால் போடலாம். கிடைக்கவில்லை, மற்ற ஐந்தும் தளர்ந்துதான் இருக்கின்றன என்றால் அப்போது லித்தியம் பற்றிப் பேசுவோம்.

ஆறு பேட்டரியும் ஏற்றத்தில் நன்றாக நிற்கிறதா? சந்தோஷம், காசு மிச்சம். அடுத்தது கேபிள். சாரல் பக்கத்து வண்டிகளில் என் கைக்கு அடிக்கடி அகப்படும் கோளாறு இதில்தான் இருக்கிறது. தென்மலைப் பக்கத்திலிருந்து இதே நோயோடு ஒரு வண்டி கடைக்கு வந்தது. மூன்றாவது பேட்டரிக்கும் நாலாவதுக்கும் நடுவிலுள்ள கேபிள், பார்க்க ஒரு குறையும் இல்லை. நட்டும் இறுக்கமாகத்தான் இருந்தது. ஒரு ஏற்றம் ஏற்றிவிட்டு வந்து, கேபிள் முனையில் உள்ள உலோகக் காதான லக்கைத் தொட்டால் விரல் வைக்க முடியாத சூடு. ரப்பர் உறையைப் பிளேடால் கீறிப் பிரித்தபோது உள்ளே செம்பு இழைகள் கறுத்து, பொடியாகக் கையோடு உதிர்ந்தன. பாதி இழை போய்விட்டது, மீதி இழையில் மொத்தக் கரண்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஏற்றத்தில் 200 ஆம்பியர் ஓடும்போது ஒரு லக்கில் அரை வோல்ட் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் 100 வாட் சூடு. பழைய காலத்து குண்டு பல்பு ஒன்று பேட்டரி மேல் எரிகிற கணக்கு.

இதைக் கண்டுபிடிக்க எல்லாவற்றையும் பிரிக்கத் தேவையில்லை. மீட்டரின் ஒரு முனையை ஒரு பேட்டரியின் துருவத்திலும், மறு முனையை அந்தக் கேபிள் போய்ச் சேரும் அடுத்த பேட்டரியின் துருவத்திலும் வைத்து ஏற்றம் ஏறுங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருக்கவேண்டும். மற்ற கேபிள்களைவிட ஒன்றில் அதிகமாகக் காட்டினால் அதுதான் ஆள். மெயின் கரண்டை இணைத்துத் துண்டிக்கும் காந்த சுவிட்சான சொலினாய்டின் இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கு நடுவிலும், முன்னும் பின்னும் மாற்றுகிற சுவிட்சிலும் இதே சோதனையைச் செய்யலாம்.

கேபிள் மாற்றுவதென்றால் ஒன்றை மட்டும் மாற்றாமல் மொத்த செட்டும் மாற்றுங்கள். மேட்டு நிலத்து வண்டிக்கு 35 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் போடச் சொல்வேன். லக்கைச் சுத்தியலால் தட்டி நசுக்கி அனுப்புகிற கடையில் கொடுக்காதீர்கள். ஹைட்ராலிக் கிரிம்பிங் உள்ள இடத்தில் கொடுங்கள், சூட்டில் சுருங்கும் உறை போட்டு வாங்குங்கள். துருவங்களைக் கம்பி பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்து, இறுக்கின பிறகு மேலே வாஸ்லின் தடவுங்கள். தடவிவிட்டு இறுக்குவது முறையில்லை.

பேட்டரியில் கை வைக்கும் முன்: மோதிரம், வாட்ச், செயின் கழற்றுங்கள். சீட்டுக்கு அடியில், வண்டியை இழுத்துச் செல்வதற்கான 'டோ' (Tow) என்ற சுவிட்ச் இருந்தால் அதில் வையுங்கள். மெயின் நெகட்டிவ்வை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். ஸ்பேனரின் கைப்பிடி முழுக்க இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கட்டும். 48 வோல்ட் ஷாக் அடிக்காது என்று அசட்டையாக இருக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஷாக்கை விடுங்கள், குறுக்கே விழுந்த ஸ்பேனர் இரண்டு துருவத்திலும் வெல்டாகிச் சிவந்து போகும்.

லித்தியம் போடுவதென்று முடிவே செய்துவிட்டோம். எங்கள் விடுதி மேட்டின் உச்சியில் இருக்கிறது, வண்டி கீழே ரோடு கேட் வரை இறங்கி ஏறும். எதைப் பார்த்து வாங்கவேண்டும்? பழைய சார்ஜரே போதுமா?
*– குமுளி வாசகர்*

சார்ஜர் போதாது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். லித்தியத்துக்கென்று உள்ள சார்ஜரோடு சேர்த்துத்தான் விலை கேட்கவேண்டும்.

நீங்கள் கேட்டு வாங்கவேண்டியது லித்தியம் அயர்ன் பாஸ்பேட். செல் ஒன்று 3.2 வோல்ட், 16 செல் சேர்ந்தால் 51.2 வோல்ட். முழுச் சார்ஜில் 58.4 வரை போகும். ஸ்கூட்டரில் இருந்து கழற்றிய வேறு வகை லித்தியம் செல்களைக் கட்டிக்கொடுத்து 'அதுவும் லித்தியம்தான் சார்' என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். விருந்தாளிகளும் குழந்தைகளும் உட்காரும் சீட்டுக்கு அடியில் அதை வைக்க நான் சம்மதிக்கமாட்டேன். சூடேறி வெடித்துத் தீப்பிடிக்கும் அபாயம் பாஸ்பேட் வகையில் மிகக் குறைவு. வாரண்டியைவிட இது முக்கியம்.

பேட்டரியின் கொள்ளளவு எத்தனை ஆம்பியர்-ஹவர் (Ah)? ஈய பேட்டரி 170 இருந்த இடத்தில் 105 போட்டால் குறைந்துவிடுமே என்று கவலைப்படுகிறார்கள். ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுசு குறையும், ஆகவே 170இல் உங்களுக்கு நிஜமாகக் கிடைப்பது 85தான். லித்தியத்தில் 105இல் பெரும்பகுதியை எடுக்கலாம். தவிர எடை. 8 வோல்ட் ஈய பேட்டரி ஒன்று 28 கிலோ பக்கம், ஆறும் சேர்ந்து 170 கிலோ. லித்தியம் பெட்டி 50 கிலோவுக்குள் அடங்கிவிடும். இரண்டு பேரைக் கீழே இறக்கிவிட்டு ஏறுகிற மாதிரி வண்டிக்கு லேசாகிவிடும். பின்பக்கம் லேசானதும் பட்டை ஸ்பிரிங் கொஞ்சம் துள்ளும். டயர் காற்றைக் கம்பெனி சொன்ன அளவுக்கு மேல் ஏற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பிஎம்எஸ். பெட்டிக்குள் இருந்து செல்களைக் காக்கும் சர்க்யூட் அது. கண்ட்ரோலர் புறப்படும்போதும் ஏற்றத்திலும் 300, 400 ஆம்பியர் வரை இழுக்கக்கூடியது. பிஎம்எஸ் 100 ஆம்பியர் தாங்கும் வகை என்றால் நடுமேட்டில் 'டப்' என்று கட் ஆகும். ஆகவே தொடர்ந்து தாங்குவது எவ்வளவு, சில விநாடிக்குத் தாங்குவது எவ்வளவு என்று இரண்டு எண்ணும் எழுத்தில் வாங்கி, உங்கள் கண்ட்ரோலர் மேல் ஒட்டியிருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்போது உங்களைப்போல மேட்டு உச்சியில் இருக்கிறவர்களுக்கு மட்டும் உள்ள விஷயம். கடைக்காரர்கள் இதைச் சொல்வதே இல்லை. மோட்டாரைப் பாருங்கள். நாலு கேபிளும் தடிமனாக வந்தால் அது சீரீஸ் மோட்டார், அதாவது உள்ளே எல்லாச் சுருளிலும் ஒரே கரண்டு வரிசையாக ஓடுவது. இரண்டு தடித்து, இரண்டு மெலிந்து இருந்தால் செபெக்ஸ், அதாவது காந்தச் சுருளுக்குத் தனியாகக் கரண்டு போவது. சீரீஸ் வண்டி இறக்கத்தில் பிடிப்பே இல்லாமல் உருளும், கால் பிரேக் ஒன்றுதான் கதி. செபெக்ஸ் வண்டி இறக்கத்தில் மோட்டாரையே ஜெனரேட்டராக்கி வேகத்தைப் பிடித்து நிறுத்தும், அந்தக் கரண்டை பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். காலையில் 100 சதவீதம் நிறைந்த லித்தியத்தோடு உச்சியிலிருந்து இறங்கினால் அந்தக் கரண்டுக்குப் போக இடம் இல்லை. வோல்ட் எல்லை மீறியதும் பிஎம்எஸ் கதவைச் சாத்தும். அந்த நொடியில் மோட்டார் பிடிப்பு போய்விடும், வண்டி சட்டென்று ஓடத் தொடங்கும். மேலே சார்ஜ் போடுகிறவர்கள் 85, 90 சதவீதத்தில் நிறுத்தும்படி சார்ஜரை அமைக்கச் சொல்லுங்கள். முடிந்தால் சார்ஜ் பாயின்டைக் கீழே கேட் பக்கத்தில் வையுங்கள். பிரேக் ஷூவையும் கேபிளையும் புதிதாக்காமல் லித்தியம் மாட்டாதீர்கள்.

இன்னொன்று. டேஷ்போர்டில் உள்ள பழைய சார்ஜ் மீட்டர் வோல்ட்டை வைத்துக் கணக்கிடுகிறது. லித்தியம் கடைசி வரை வோல்ட் இறங்காமல் நிற்கும், பிறகு ஒரேயடியாக விழும். அந்த மீட்டர் முக்கால் என்று காட்டிக்கொண்டே இருந்து வண்டி நின்றுவிடும். ஆம்பியரை எண்ணிக் கணக்குப் பார்க்கும் ஷன்ட் மீட்டர் ஒன்று சேர்த்து வாங்குங்கள். உங்களுடையது பழைய 48 வோல்ட் கிளப் கார் என்றால் மெயின் நெகட்டிவ் வழியில் சார்ஜரைக் கட்டுப்படுத்தும் சின்னக் கம்ப்யூட்டர் ஒன்று உட்கார்ந்திருக்கும். வேறு சார்ஜர் போடும்போது அதைத் தாண்டி இணைப்புக் கொடுக்கத் தெரிந்த ஆளிடம் வேலையைக் கொடுங்கள்.

அமெரிக்காவிலிருந்து கன்டெய்னரில் வந்த பழைய 'ஈஸி-கோ' கம்பெனி வண்டி கிடைத்தது. அதோடு வந்த சார்ஜரில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் ஓடுமா?
*– களியக்காவிளை வாசகர்*

நேராக நம் 230இல் செருகினால் புகைந்துவிடும், அது உங்களுக்கே தெரிந்திருக்கிறது. ஸ்டெப் டவுன் வைத்தால் வோல்ட் சரியாகும், ஹெர்ட்ஸ் சரியாகாது. அந்தக் காலத்துக் கனமான சார்ஜர்கள் ஃபெரோ ரெசொனன்ட் டிரான்ஸ்ஃபார்மர் கொண்டவை. உள்ளே உள்ள கெபாசிட்டரும் சுருளும் 60 ஹெர்ட்ஸுக்கென்று பொருத்தியவை. நம் 50 ஹெர்ட்ஸில் அதன் அவுட்புட் வோல்ட் இறங்கும், சூடு ஏறும். பேட்டரி ஒருநாளும் முழுசாக நிறையாது. ஆறே மாதத்தில் பேட்டரியைக் குறை சொல்லிக்கொண்டு நிற்பீர்கள். டிரான்ஸ்ஃபார்மருக்குக் கொடுக்கும் காசில் நம் ஊர் 230 வோல்ட்டுக்கான சார்ஜர் வாங்கிவிடுங்கள். வண்டியில் உள்ள பிளக்கை மட்டும் கழற்றிப் புதியதில் பொருத்திக்கொள்ளலாம். வாங்குவதற்கு முன் 6 வோல்ட் பேட்டரி எத்தனை என்று எண்ணுங்கள். ஆறு என்றால் வண்டி 36 வோல்ட், எட்டு என்றால் 48. சார்ஜர் அதற்கேற்றதாக இருக்கவேண்டும். 15 ஆம்பியர் சாக்கெட், ஒழுங்கான எர்த். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம்.

அண்ணா, எங்கள் வண்டி 36 வோல்ட். இன்னும் இரண்டு பேட்டரி சேர்த்து 48 ஆக்கினால் வேகம் கூடும் என்று வீடியோவில் பார்த்தேன். தென்னந்தோப்பிலிருந்து கடைத்தெரு வரை ரோட்டில் ஓட்டவேண்டும்.
*– கொழிஞ்சாம்பாறை வாசகர், கல்லூரி மாணவர்*

தம்பி, வேகம் கூடும், உண்மைதான். அதே மோட்டாருக்கு வோல்ட் மூன்றில் ஒரு பங்கு ஏறினால் வேகமும் ஏறக்குறைய அந்த அளவு ஏறும். மணிக்கு 20 ஓடியது 26, 27 ஓடும். கண்ட்ரோலர் 48 தாங்குமா என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். சொலினாய்டு சுருளையும் 48க்கு மாற்றவேண்டும், இல்லையென்றால் கருகிவிடும். இந்த இரண்டும் இல்லாமல் சும்மா இரண்டு பேட்டரியைச் சேர்ப்பது வீடியோவில் மட்டும் நன்றாக இருக்கும்.

ஆனால் வண்டிக்கு அடியில் குனிந்து பார். பெரும்பாலான கோல்ஃப் வண்டிகளில் பின்சக்கரம் இரண்டில் மட்டும்தான் டிரம் பிரேக், அதுவும் கம்பி இழுத்துப் பிடிப்பது. முன்னால் ஒன்றும் இல்லை. 20இல் இருந்து 27க்குப் போனால் பிரேக் அடக்கவேண்டிய ஆற்றல் முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது, பிரேக் அதே பழைய பிரேக். குட்டைச் சக்கரம், உயரமான கூரை, பக்கக் கதவு கிடையாது, பெல்ட் கிடையாது. வளைவில் வேகமாகத் திருப்பினால் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஆள் வெளியேதான் விழுவார். முன்சக்கரத்துக்கும் பிரேக் வைக்காமல் வேகத்தைக் கூட்டும் வேலையை நான் கையில் எடுப்பதே இல்லை, எத்தனை பேர் கோபித்துக்கொண்டாலும்.

ரோடு விஷயம். 1988 மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 2(28)இன்படி, தொழிற்சாலை மாதிரி அடைத்த வளாகத்துக்குள் மட்டும் ஓடுவதற்கென்று அமைந்த தனி வகை வண்டி மோட்டார் வாகனம் ஆகாது. அதனால்தான் இவை தோப்புக்குள்ளும் ரிசார்ட்டுக்குள்ளும் நம்பர் பிளேட் இல்லாமல் ஓடுகின்றன. பொது ரோட்டில் ஏறினால் அந்த விலக்கு போய்விடுகிறது. 'பேட்டரி வண்டிக்கு ரிஜிஸ்ட்ரேஷன் வேண்டாமாமே' என்று கேட்பாய். அந்தச் சலுகை மோட்டார் 0.25 கிலோவாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் கீழே உள்ள வண்டிக்குத்தான். உன் வண்டி மோட்டார் அதைப்போலப் பல மடங்கு. கேரளப் பக்கம் ஆனாலும் தமிழ்நாட்டுப் பக்கம் ஆனாலும் சட்டம் ஒன்றே. எதிரே ஒரு பைக்காரர் வந்து மோதினால் இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டியோடு உன் அப்பாதான் கோர்ட்டுக்கு நடக்கவேண்டியிருக்கும். தோப்புக்குள் ஓட்டு தம்பி. கடைத்தெருவுக்கு சைக்கிள் போதும்.

எங்கள் ஆஸ்பத்திரி வண்டியில் எட்டு பேட்டரி. எத்தனை முறை மாற்றினாலும் அதே ஓரத்து இரண்டு பேட்டரிதான் முதலில் போகிறது. ஏன் சார்?
*– பாறசாலை வாசகி, நிர்வாக அலுவலர்*

அம்மா, அந்த இரண்டிலிருந்தும் மெல்லிய வயர் ஏதாவது கிளம்புகிறதா பார்க்கச் சொல்லுங்கள். ஹெட்லைட், ஹாரன், ரிவர்ஸ் பஸ்ஸர் எல்லாம் 12 வோல்ட். எட்டும் 6 வோல்ட் பேட்டரி என்பதால், யாரோ எலக்ட்ரீஷியன் இரண்டிலிருந்து 12 எடுத்துக் கொடுத்திருப்பார். அந்த இரண்டும் மோட்டாருக்கும் உழைத்து, விளக்குக்கும் தனியாக உழைக்கின்றன. சார்ஜர் எட்டையும் ஒரே வரிசையாகத்தான் பார்க்கிறது. மற்ற ஆறும் நிறைந்து கொதிக்கும்போதும் இந்த இரண்டு மட்டும் பசியோடு நிற்கும். 48இலிருந்து 12 தரும் டிசி கன்வர்ட்டர் ஒன்றை மொத்த வரிசைக்கும் குறுக்கே, ஃபியூஸ் வைத்து, மாட்டச் சொல்லுங்கள். உள்ளங்கை அளவுதான் இருக்கும். பிரச்சினை அதோடு தீரும்.

பேட்டரிக்கு ஆர்ஓ தண்ணீர் ஊற்றலாமா?
*– புளியரை வாசகர்*

கூடாது. டிஸ்டில்டு வாட்டர்தான். சார்ஜ் முடிந்த பிறகு ஊற்றுங்கள். முன்னாலேயே விளிம்பு வரை ஊற்றினால் சார்ஜில் பொங்கி ஆசிட் வெளியே வழியும். தகடு வெளியே தெரிகிற அளவு காய்ந்திருந்தால் மட்டும் தகடு மூழ்கும்வரை ஊற்றிவிட்டுச் சார்ஜ் போடலாம்.

எஸ்டேட் பங்களாவில் ரொம்ப நாளாக நின்றுபோன வண்டி. சார்ஜர் மாட்டினால் சத்தமே இல்லை. சார்ஜரும் போய்விட்டதா?
*– மறையூர் வாசகர்*

சார்ஜர் போயிருக்காது என்றே நினைக்கிறேன். பழைய சார்ஜர் பலவற்றில், எதிரே ஓரளவு வோல்ட் இருப்பதை உணர்ந்தால்தான் உள்ளே ரிலே பிடிக்கும். பேட்டரி அடியோடு இறங்கியிருப்பதால் அதற்கு வண்டி மாட்டியிருப்பதே தெரியவில்லை. உங்களுடையது 8 வோல்ட் பேட்டரி என்றால், மூன்றை வரிசையாக இணைத்தால் 24 வோல்ட். லாரி பேட்டரி சார்ஜ் செய்யும் எந்தக் கடையிலும் அந்தச் சார்ஜர் இருக்கும். குறைந்த ஆம்பியரில், மூடிகளைக் காற்றாட விட்டு, நிதானமாக ஏற்றச் சொல்லுங்கள். பிறகு ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் வைத்து ஒவ்வொரு செல்லாகப் பார்க்கட்டும். நல்லது 1.265க்கு மேல் வரும். ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.050 பின்தங்கினால் அந்த பேட்டரியை நம்பவேண்டாம். ரொம்ப நாள் காய்ந்து நின்றதில் தகட்டில் சல்ஃபேட் இறுகியிருக்கும், எல்லாம் மீளும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

மோட்டாரை ஓட்டும் முன் பிரஷ் மூடியைத் திறந்து பாருங்கள். பிரஷ் உரசும் செம்பு உருளையான கம்யூட்டேட்டர் கறுத்திருந்தால் நைசான கண்ணாடித் தாளால் துடைக்கலாம். எமரித் தாள் வேண்டாம், அதன் துகள் கரண்டைக் கடத்தும், பட்டைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். சீட்டுக்கு அடியில் எலி கூடு கட்டியிருந்தால் வயரை விரலால் தடவிப் பாருங்கள். ஆக்ஸிலரேட்டருக்குப் போகும் மெல்லிய வயரைத்தான் அது முதலில் கடிக்கும்.

பேட்டரித் தட்டு அடியில் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. பெயின்ட் அடித்தால் போதுமா? சேசிஸையே மாற்றவேண்டுமா?
*– கொல்லங்கோடு வாசகர்*

எந்த வண்டி என்று எழுதவில்லை. கிளப் கார், ஈஸி-கோ இரண்டும் அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டா வட்டாரத்துக் கம்பெனிகள்தான். முன்னதன் சேசிஸ் அலுமினியம், பின்னது இரும்பு. துரு என்று சொல்வதால் உங்களுடையது இரும்புச் சட்டம் என்று வைத்துக்கொள்கிறேன். ஆசிட் ஈரம் ஊறிய இரும்பின் மேல் அடிக்கும் எந்தப் பெயின்டும் ஒரு மழைக்காலம் தாண்டாது.

பேட்டரிகளை எல்லாம் இறக்குங்கள். ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு கைப்பிடி ஆப்பசோடா கரைத்துத் தட்டு முழுக்க ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கும். நுரை அடங்கியதும் மறுபடி ஊற்றுங்கள், நுரையே வராதவரை. அப்புறம் நல்ல தண்ணீரில் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு, சுத்தியல் முனையால் தட்டித் தட்டிப் பாருங்கள். 'ணங்' என்றால் இரும்பு இருக்கிறது, சத்தம் செத்துவிழுந்தால் உள்ளே அரித்துவிட்டது. தட்டும் குறுக்குப் பட்டையும் மட்டும் போயிருந்தால் வெட்டி எடுத்துவிட்டு ஆங்கிள் வைத்து வெல்டு பண்ணலாம், சேசிஸை மாற்றத் தேவையில்லை. பின் ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் நீளச் சட்டத்தில் ஓட்டை இருந்தால் ஒட்டுப்போடாமல், நல்ல சேசிஸ் உள்ள வேறு பழைய வண்டி ஒன்றைத் தேடுங்கள்.

வெல்டிங் நடக்கும்போது பேட்டரி ஒன்றுகூட வண்டியிலோ பக்கத்திலோ இருக்கக்கூடாது. அதிலிருந்து வரும் ஹைட்ரஜனுக்கு ஒரு பொறி போதும். கண்ட்ரோலர் வயர்களையும் முன்னாலேயே கழற்றிவிடச் சொல்லுங்கள். வெல்டு ஆறியதும் எபாக்சி பிரைமர் இரண்டு கை, அதன்மேல் பெயின்ட். பேட்டரி உட்காரும் இடத்தில் ஆசிட் தாங்கும் பிளாஸ்டிக் தட்டு ஒன்று விரியுங்கள், அதில் தண்ணீர் தேங்காமல் இறங்க ஓட்டை வையுங்கள். பேட்டரியைப் பிடித்து நிறுத்தும் பட்டையையும் புதிதாக வாங்குங்கள். பழையதின் போல்ட் தலையைத் துரு தின்றிருக்கும்.